தெரியாது என்று சொல்லும் வகுப்பு

லிலோங்வே
12 மார்ச் 1996

அன்புள்ள வெட்சன் அண்ணாவுக்கு,

எஸ்னார்ட் எழுதுகிறேன். அங்கே நீங்கள் நல்லபடியாக எழுந்தீர்கள் என்றால் இங்கே நாங்களும் நல்லபடியாகவே எழுந்தோம். பிள்ளைகளுக்குக் காய்ச்சல் வந்து போய்விட்டது. உங்கள் மாப்பிள்ளை லாய்டுக்குப் பள்ளிக்கூடத்தில் இந்த வருஷமும் பாடம் நடத்த அதே ஐந்தாம் வகுப்பு, அதே குரங்குக் கூட்டம். அண்ணியின் முழங்கால் எப்படி இருக்கிறது? மழை விட்டதும் வலி குறைந்ததா?

ஒரு செய்தி சொல்ல வேண்டும். சொல்லலாமா என்று இரண்டு வாரம் யோசித்தேன். எங்கள் குடிநீர்த் துறையிலிருந்து ஒரு பயிற்சிக்கு என்னையும் எங்கள் இயக்குநர் கொண்டோவேயையும் அனுப்பியிருக்கிறார்கள். நாடாளுமன்றம் என்றால் என்ன, அது கூப்பிட்டால் அரசு அலுவலர்கள் எப்படிப் போக வேண்டும், எப்படிப் பதில் சொல்ல வேண்டும் என்று கற்றுத்தரும் பயிற்சி. இத்தனை வருஷம் வேலை பார்த்திருக்கிறேன் அண்ணா. நாடாளுமன்றம் என்றால் வானொலியில் கைதட்டல் கேட்கும் இடம் என்றுதான் நினைத்திருந்தேன்.

பாடம் நடத்துபவர் பொட்ஸ்வானாவிலிருந்து வந்திருக்கும் திருமதி மொலெபட்சி. அவர்கள் நாட்டில் நாடாளுமன்றம் ஒருநாளும் மூடியதில்லையாம். முதல் நாளே கேட்டார்:

"உங்கள்ல யாராவது ஒரு உறுப்பினரைப் பக்கத்துல பார்த்திருக்கீங்களா?"

சாலைத் துறைக்காரர் கை தூக்கினார். "பார்த்திருக்கேன் மேடம். ஒரு சாவு வீட்டுல. எனக்கு வெச்சிருந்த கோழிக்காலை எடுத்துட்டுப் போயிட்டார்."

எல்லோரும் சிரித்தோம். பிறகு திருமதி மொலெபட்சி கரும்பலகையில் ஒரு வட்டம் போட்டு, நடுவில் சேவல் மாதிரி ஒன்றை வரைந்தார். நம் தம்பாலாக் காசு.

"இந்தக் காசை அந்தச் சபை சரின்னு கை தூக்காம நீங்க செலவு பண்ண முடியாது. உங்க மந்திரியாலயும் முடியாது. அவருக்கு மேல இருக்கிறவராலயும் முடியாது."

அவர் இதைச் சொன்னதும் பின்வரிசையிலிருந்து ஒருவர் எழுந்து போய் அறைக் கதவைச் சாத்தினார். யாரும் சொல்லவில்லை, தானாகவே; முந்தைய ஆட்சிக் காலத்துப் பழக்கம். திருமதி மொலெபட்சி அதைப் பார்த்தார். பிறகு நடந்து போய்க் கதவை அகலத் திறந்து, ஒரு நாற்காலியை அண்டக் கொடுத்துவிட்டு வந்தார். விட்ட இடத்திலிருந்து பாடத்தைத் தொடர்ந்தார்.

அண்ணியைக் கேட்டதாகச் சொல்லுங்கள். ஏரிக்காற்றில் அதிக நேரம் நிற்காதீர்கள்.

உங்கள் தங்கை,
எஸ்னார்ட்


என்கட்டா பே
2 ஏப்ரல் 1996

அன்புள்ள எஸ்னாவுக்கு,

கடிதம் வந்தது. நாங்கள் இருக்கிறோம். முழங்கால் பரவாயில்லை. மரவள்ளி நன்றாக வந்திருக்கிறது. உசிப்பா மீன் இந்த மாதம் மலிவு. பேருந்து ஓட்டுநரிடம் காய்ந்தது ஒரு பை கொடுத்து அனுப்பியிருக்கிறேன், நிலையத்தில் வாங்கிக்கொள். கப்பல் இரண்டு நாள் தாமதமாக வந்தது.

லாய்டைக் கேட்டதாகச் சொல். பிள்ளைகளைப் படிக்கச் சொல்.

அண்ணன்,
வெட்சன்

வகுப்பில் வாசல் பக்கமாக உட்கார்.


லிலோங்வே
25 ஏப்ரல் 1996

அன்புள்ள அண்ணாவுக்கு,

மீன் வந்து சேர்ந்தது. வீடு முழுக்க நம் ஊர் வாசனை. லாய்ட் தலைகூட நிமிராமல் சாப்பிட்டார். எங்கள் எல்லோருக்கும் உடம்பு சுகம். உங்களுக்கும் அப்படியே என்று நம்புகிறேன், நீங்கள்தான் அதைக்கூட ஒரு வரியில் முடித்துவிடுகிறீர்களே! இப்போதெல்லாம் தபாலை யாரும் பிரித்துப் படிப்பதில்லை அண்ணா. நீங்கள் மரவள்ளியைத் தவிர வேறு விஷயமும் எழுதலாம்.

பயிற்சி நாளையோடு முடிகிறது. இந்த வாரம் முழுக்க நாடாளுமன்றக் குழு எங்களை விசாரிப்பது மாதிரி நாடகம். திருமதி மொலெபட்சிதான் குழு உறுப்பினர். கண்ணாடியை மூக்கு நுனியில் இறக்கிவிட்டுக்கொண்டு உட்கார்ந்தால் பிள்ளை அழும் முகம். நாங்கள் ஒவ்வொருவராக எதிரில் போய் உட்கார வேண்டும். முதலில் எங்கள் கொண்டோவே.

"திரு. கொண்டோவே, போன வருஷம் உங்க துறை வாங்கின குழாயெல்லாம் இப்ப எங்க இருக்கு?"

"பணிகள் திருப்திகரமாக நடைபெற்று வருகின்றன, மாண்புமிகு உறுப்பினர் அவர்களே."

"நான் பணியைக் கேக்கல. குழாய் எங்க?"

"உரிய இடத்தில் உள்ளது."

"உரிய இடம் எது?"

கொண்டோவேயின் சட்டை முதுகோடு ஒட்டிவிட்டது. பெரிய உருவம், இருபது பேரை நடுங்க வைக்கும் குரல். அது அன்றைக்கு எங்கே போனதோ!

"உங்களுக்குத் தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லுங்க சார். கேட்டுச் சொல்றேன்னு சொல்லுங்க. அதுவும் ஒரு பதில்தான்."

அவர் வாயைத் திறந்தார், மூடினார். வரவில்லை. எங்களில் யாருக்குமே வரவில்லை அண்ணா. முப்பது பேர், எல்லோரும் படித்தவர்கள், ஒருவர் வெளிநாட்டில் பட்டம் வாங்கியவர். "எனக்குத் தெரியாது" என்ற சொல் ஒருவர் தொண்டையிலும் ஏறவில்லை. திருமதி மொலெபட்சிக்குச் சிரிப்பு போய்விட்டது. "உங்களை என்னப்பா பண்ணி வெச்சிருக்காங்க?" என்று மெதுவாகக் கேட்டார்.

என் முறை வந்தபோது நானும் திருப்திகரம் என்றுதான் சொன்னேன். அறையில் புழுக்கம், அதனால் இருக்கும்.

வீட்டில் லாய்ட் தினமும் கேலி செய்கிறார். இரவுச் சாப்பாட்டின்போது களிக் கரண்டியைத் தட்டி, "திருமதி கமங்கா! இந்த ன்சிமா ஏன் கட்டி தட்டியிருக்குன்னு சபைக்கு விளக்கணும்!" என்கிறார். "மாண்புமிகு உறுப்பினர் நாளைக்குத் தானே கிண்டிக்கலாம்" என்று நானும் சொல்கிறேன். அதற்கு மட்டும் நாக்கு வருகிறது.

பதில் எழுதுங்கள்.

எஸ்னார்ட்


லிலோங்வே
17 ஜூன் 1996

அன்புள்ள அண்ணாவுக்கு,

போன கடிதத்துக்குப் பதில் வரவில்லை. நீங்களும் அண்ணியும் நலமாக இருப்பதாகக் கப்பல் கட்டுத்துறைப் பக்கமிருந்து வந்த ஒருவர் சொன்னார்; அதனால் கவலைப்படாமல் இருந்தேன். இங்கே குளிர் தொடங்கிவிட்டது. பிள்ளைகளுக்குச் சளி.

இது நாடகம் இல்லை அண்ணா. நாடாளுமன்றக் குழு எங்கள் துறையைக் கூப்பிட்டிருக்கிறது. தேர்தலுக்கு முன்னால் ஏரிக்கரை ஊர்களில் அவசர அவசரமாகப் போட்ட அடிபம்புகள் பற்றி விசாரிக்கப் போகிறார்கள். அந்தப் பகுதிக்கு நான்தான் பொறுப்பு. ஆகையால் கேள்வி என்னிடம்தான் வரும்.

அறிக்கையைக் கொண்டோவே எழுதினார். எல்லா ஊருக்கும் எதிரே "திருப்திகரம்". நான் அவர் அறைக்குப் போனேன்.

"சார், இதுல பாதி பம்பு காத்துதான் அடிக்குதுன்னு ஊர்க்காரங்க சொல்றாங்க."

"ஊர்க்காரங்க ஆயிரம் சொல்வாங்க. நீ போய்ப் பாத்தியா?"

"இல்ல சார். நீங்க வண்டி குடுக்கலையே."

"பாக்கலைல்ல? அப்ப திருப்திகரம்." பிறகு குரலைத் தாழ்த்தி, "எஸ்னார்ட், நீ அரசாங்க வீட்டுல இருக்க. உனக்குப் பிள்ளைங்க இருக்கு. பாடம் நடத்தின அந்தப் பொம்பள ஊருக்குப் போயிட்டா" என்றார்.

அவர் மிரட்டவில்லை அண்ணா. அவருக்கே பயம்.

விசாரணை ஆகஸ்ட் ஆறாம் தேதி. நான் என்ன செய்ய? உங்களைத் தவிர யாரிடம் கேட்பேன்? இத்தனை வருஷத்தில் உங்களிடம் ஒருமுறையும் கேட்டதில்லை. இப்போது கேட்கிறேன். அன்றைக்குக் கட்டுத்துறையில் அந்த உறுப்பினரிடம் நீங்கள் என்ன சொன்னீர்கள்?

எஸ்னார்ட்


என்கட்டா பே
9 ஜூலை 1996

அன்புள்ள எஸ்னாவுக்கு,

உன் கடிதம் வந்து நாளாயிற்று. அண்ணி நலம். பிள்ளைகளின் சளிக்கு எலுமிச்சையும் தேனும் கொடு.

நீ கேட்டதால் எழுதுகிறேன். உன் அண்ணியிடம்கூட முழுதாகச் சொன்னதில்லை.

அந்த வருஷம் கரையோர ஊர்களில் வாந்திபேதி. நான் மாவட்டச் சுகாதார அலுவலகத்தில் உதவியாளன். அப்படி ஒரு நோயே நாட்டில் இல்லை என்று வானொலி சொல்லிக்கொண்டிருந்தது. நாங்கள் தினமும் புதைத்துக்கொண்டிருந்தோம். அப்போது நம் தொகுதி உறுப்பினர் கப்பலில் வந்து இறங்கினார். பிணக்குழியில் சுண்ணாம்பு தூவிய என் கையைப் பார்த்துவிட்டு, "எத்தன பேருப்பா?" என்று கேட்டார். சொன்னேன். அவ்வளவுதான். கூட்டம் போடவில்லை, துண்டுப் பிரசுரம் எழுதவில்லை. கேட்டார், சொன்னேன்.

அவர் முகம் சாம்பல் பூத்துப்போயிற்று. "ஐயோ, இத ஏன்யா எங்கிட்ட சொன்ன?" என்றார். பிற்பாடு உள்ளே பட்டதெல்லாம்கூட மங்கிவிட்டது எஸ்னா. அந்த மனுஷனின் பயம் மட்டும் மறக்கவில்லை. கேட்க உரிமை உள்ளவனே பதிலைக் கேட்டு நடுங்கினான். அவர் போய்ச் சொன்னாரா, பக்கத்தில் நின்றவன் சொன்னானா, எனக்குத் தெரியாது. அந்த வாரமே ஜீப் வந்தது. அதன் பிறகு ஏழு வருஷம். அது உனக்குத் தெரியும். சோற்றுப் பாத்திரத்தோடு சிறை வாசலில் நின்று திரும்பியவள் நீ.

உன் மொலெபட்சி அம்மாள் நல்லவராக இருக்கலாம். பயிற்சி முடிந்ததும் விமானம் ஏறிவிட்டார். நீ இங்கேயேதான் இருக்க வேண்டும். திருப்திகரம் என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வா. ஒரு சொல்தானே.

இந்தக் கடிதத்தை எரித்துவிடு.

வெட்சன்


லிலோங்வே
20 ஜூலை 1996

அன்புள்ள அண்ணாவுக்கு,

இங்கே எல்லோரும் சுகம். கடிதம் கிடைத்தது. லாய்டிடம்கூடக் காட்டவில்லை. எரித்துவிட்டேன்.

அண்ணிக்கு ஒரு கம்பளிச் சால்வை அனுப்புகிறேன். உங்களுக்கு அரிசி. கீழே கல் கிடக்கிறது, பார்த்துப் புடைக்கச் சொல்லுங்கள்.

வேறு ஒன்றும் இல்லை.

எஸ்னார்ட்


என்கட்டா பே
1 ஆகஸ்ட் 1996

எஸ்னாவுக்கு,

சால்வை வந்தது. அண்ணி அதைக் கழற்றவே இல்லை. அவளுக்கு மருந்து வாங்க ம்சூசு வரை போகிறேன். சில நாள் கடிதம் வராவிட்டால் பயப்படாதே.

வெட்சன்


லிலோங்வே
11 ஆகஸ்ட் 1996

அன்புள்ள அண்ணாவுக்கு,

நான் வீட்டில்தான் இருக்கிறேன். முதலில் இதை எழுதிவிடுகிறேன். சமையலறை மேசையில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருக்கிறேன். லாய்ட் பக்கத்தில் பயறு உரிக்கிறார். எல்லோருக்கும் உடம்பு நன்றாக இருக்கிறது. அண்ணிக்கு மருந்து கிடைத்ததா?

உங்கள் பேச்சைக் கேட்கவில்லை அண்ணா. கேட்க வேண்டும் என்றுதான் போனேன். அந்தச் சொல்லை வழியெல்லாம் மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன்.

முப்பது வருஷம் ஆண்ட பழைய ஆள் தனக்கென்று கட்டிக்கொண்ட அரண்மனையில்தானே இப்போது நாடாளுமன்றம் கூடுகிறது! பளிங்குத் தரை. ஒரு காலத்தில் அந்த மதில் பக்கம் தலை திருப்பினாலே ஓட்டுநர்கள் "பாக்காதீங்க, பாக்காதீங்க" என்பார்கள். அங்கே ஒரு நீள மேசை போட்டு, கம்பளிச் சட்டையோடு பத்துப் பன்னிரண்டு பேர். ஒருவர் நிலக்கடலை உரித்துத் தின்றுகொண்டிருந்தார். மேலே கண்ணாடிச் சரவிளக்கு, கீழே கடலைத் தோல். எனக்குப் பயம் ஒரு பக்கம், அதையெல்லாம் பார்க்கப் பார்க்க வியப்பு ஒரு பக்கம்.

காலிண்டே என்ற உறுப்பினர் கேட்டார். மாவு மில் வைத்திருப்பவராம்.

"திருமதி கமங்கா, அறிக்கையில எல்லா ஊருக்கும் திருப்திகரம்னு போட்டிருக்கு. நான் மில்லு ஓட்டறவன், எனக்கு இந்த வார்த்தை புரியல. தண்ணி வருதா, வரலையா?"

கொண்டோவே எனக்குப் பின்னால் இருமினார். நான் அந்த மில்காரர் முகத்தைப் பார்த்தேன். நீங்கள் எழுதியிருந்தீர்களே, கேட்டவர் முகத்திலேயே பயம் இருந்தது என்று. இந்த முகத்தில் அதைத் தேடினேன். இல்லை அண்ணா. தண்ணீர் வருகிறதா என்று தெரிந்துகொள்ள வேண்டும், அதைத் தவிர அங்கே வேறொன்றும் இல்லை.

"பல ஊர்ல வரலைங்க" என்றேன்.

"எத்தன ஊர்ல?"

"தெரியாதுங்க."

சொல்லிவிட்டேன். என் குரல்தானா என்று எனக்கே சந்தேகம்.

"தெரியாதுன்னா?"

"தேர்தலுக்கு அப்புறம் யாரும் போய்ப் பாக்கல. நானும் பாக்கல. போய் ஒவ்வொரு பம்பையும் அடிச்சுப் பாத்துட்டு எழுத்துல தரேன். ஆறு வாரம் குடுங்க."

எல்லோரும் எழுதிக்கொண்டார்கள். குழுத் தலைவர் நிமிர்ந்து பார்த்தார். "ரோடே இல்லாத ஊரெல்லாம் இருக்கேம்மா. ஆறு வாரம் போதுமா? எட்டா வெச்சுக்கங்க. வண்டியும் படகும் குடுக்கச் சொல்லி உங்க துறைக்கு நாங்க எழுதறோம்."

பிறகு தேநீர் வந்தது. எனக்கும் ஒரு கோப்பை கொடுத்தார்கள். இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தேன், குடிக்கத் தோன்றவில்லை.

வெளியே நடையில் கொண்டோவே சுவரில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தார்.

"நாளைக்கு ஆபீஸ் வருவியா?"

"வருவேன் சார்."

"நானும் வரலாம்னு நினைக்கிறியா?"

"வரலாம் சார். ஒண்ணும் ஆகலையே."

"ஒண்ணும் ஆகலைல்ல?" என்றார். தன்னைத் தானே கேட்டுக்கொள்கிற மாதிரி மறுபடியும், "ஆமா, ஒண்ணும் ஆகல" என்றார். அடுத்த நாள் வந்தார். வண்டிச் சாவியை என் மேசையில் வைத்துவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல் போய்விட்டார்.

கோபமா அண்ணா? நாலு வரி எழுதுங்கள்.

எஸ்னார்ட்


என்கட்டா பே
3 செப்டம்பர் 1996

அன்புள்ள எஸ்னாவுக்கு,

கோபம் இல்லை. அண்ணி நலம், நானும் நலம். இவ்வளவு நாள் எழுதாததற்குக் காரணம், எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லை.

நான் மருந்துக்குப் போகவில்லை. ம்சூசுவில் இறங்காமல் அதே பேருந்தில் லிலோங்வே வரை வந்தேன். உன்னைத் தடுக்க வரவில்லை. நீ எரித்துவிட்டேன் என்று மட்டும் எழுதி, நான் சொல்லச் சொன்ன சொல்லைப் பற்றி ஒன்றும் எழுதாததைப் பார்த்ததுமே நீ என்ன சொல்லப் போகிறாய் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. என்னைக் கொண்டுபோனபோது எந்தப் பக்கம் கொண்டுபோனார்கள் என்றுகூடப் பல நாள் வீட்டில் யாருக்கும் தெரியாமல் போயிற்று. உன்னைக் கொண்டுபோனால் எந்தப் பக்கம் என்று பார்த்துவைக்க ஒரு ஆளாவது வேண்டும். அதற்குத்தான் வந்தேன்.

வாயிலுக்கு எதிரே மரத்தடியில் நின்றேன். காவலாளி வந்தான்.

"யாரைப் பாக்கணும் பெரியவரே?"

"யாரையும் இல்லப்பா. என் தங்கச்சிய உள்ள விசாரிக்கிறாங்க."

"அதுக்கு ஏன் வெளியில நிக்கறீங்க? உள்ள போய் உக்காந்து கேளுங்க."

"நானா?"

"யார் வேணும்னாலும் போலாம். தொப்பிய மட்டும் கழட்டிக்கங்க."

கழற்றினேன். உள்ளே போனேன் எஸ்னா. அந்த மதிலுக்குள், என் செருப்புக் காலோடு. கடைசி பெஞ்சில் பத்திரிகைக்காரப் பையன் ஒருவன் நகர்ந்து இடம் கொடுத்தான். எனக்கு உன் முதுகு மட்டும்தான் தெரிந்தது. நீ தெரியாது என்று சொன்னாய். நான் எழுந்து நின்றுவிட்டேன். பையன்தான் சட்டையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தான். அப்போது பக்கத்துக் கதவு திறந்தது. உன்னைப் பிடிக்க வந்துவிட்டார்கள் என்று நினைத்தேன்.

ஒரு பெண் தேநீர் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தாள். தலைவர் அவளிடம், "மொதல்ல அந்த அம்மாவுக்குக் குடு" என்றார்.

அதை நீ எப்படி எடுத்துக்கொண்டாயோ எனக்குத் தெரியாது. நான் என் வாழ்நாளில் மலை, ஏரி, புயல் எல்லாம் பார்த்திருக்கிறேன். இப்படி ஒன்றைப் பார்த்ததில்லை. அரசாங்கத்துக்கு முன்னால் ஒருத்தி உண்மையைச் சொல்கிறாள். அரசாங்கம் அவளுக்குச் சர்க்கரை எத்தனை கரண்டி என்று கேட்கிறது.

நீ வெளியே வந்தபோது கூப்பிட்டிருக்கலாம். வாயைத் திறந்தால் அழுதுவிடுவேன் என்று தெரிந்தது. நீ மினிபஸ்ஸில் ஏறி, அது திருப்பத்தில் மறைகிற வரை நின்று பார்த்தேன். பிறகு ஊருக்குப் பேருந்து ஏறினேன். வந்ததும் அண்ணியை உட்கார வைத்து, கட்டுத்துறையில் தொடங்கி எல்லாவற்றையும் சொன்னேன். அவள் சால்வையால் முகத்தை மூடிக்கொண்டு கேட்டாள். பிறகு, "இத்தன வருஷம் ஒரே பாயில படுத்திருந்தேனே, சண்டாளா" என்றாள். அவள் திட்டியது எனக்கு நிம்மதியாக இருந்தது.

நீ பம்புகளைப் பார்க்க வரும்போது நேரே வீட்டுக்கு வா. சாலை இல்லாத ஊர்களுக்கு என் படகில் போகலாம். அரசாங்கப் படகுக்குக் காத்திருந்தால் எட்டு வாரமும் கரையிலேயே போய்விடும். போன வாரம் நானே ஒரு சுற்றுப் போய், நீ வரப்போகிறாய் என்று சொல்லிவிட்டு வந்தேன். ஓர் ஊரில் பம்பைச் சுற்றி ஆடு கட்டியிருக்கிறார்கள். அங்கே ஒரு பெண் என்னைக் கேட்டாள்:

"உள்ளதை உள்ளபடி சொன்னா யாருக்காவது கோவம் வருமாண்ணா?"

"வராது. சொல்லு" என்றேன்.

சொல்லிவிட்டுப் பழக்கத்தில் பின்னால் திரும்பிப் பார்த்தேன். ஏரிதான் இருந்தது.

உன் வரவை எதிர்பார்க்கும்,
வெட்சன்